ஜப்பானில் ஒரு ராத்திரி வெந்நீர் ஊற்று விடுதி: பிற்பகல் மூன்று மணிக்கே போய்ச் சேருங்கள்

கேள்வி இது: “ஏப்ரலில் கோயம்புத்தூரில் இருந்து நான், கணவர், 64 வயது அம்மா மூவரும் ஜப்பான் போகிறோம். சைவம். பத்து நாள் அலைச்சலுக்கு நடுவில் ஒரு ராத்திரி மட்டும் மலைப்பக்கம் வெந்நீர் ஊற்று உள்ள விடுதியில் தங்கி ஓய்வெடுக்க ஆசை. ஆனால் துணி இல்லாமல் குளிக்க வேண்டுமாமே? ஒரு ராத்திரிக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா? அம்மாவுக்கு இது சரிவருமா?”

போங்கள், கட்டாயம் போங்கள். நான் யோகோஹாமா பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன். அம்மா, மாமியார், ஊரில் இருந்து வந்த தோழிகள் என்று பலரை இப்படிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் போனில் திரும்பத் திரும்பப் பேசுவது அந்த ஒரு ராத்திரியைப் பற்றித்தான். ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதல் விஷயம் நேரம். இந்த விடுதிகளை ரியோக்கான் என்பார்கள். ஓட்டலில் ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் படுத்துக் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒரு நஷ்டமும் இல்லை, படுக்கைக்குத்தான் காசு. ரியோக்கான் அப்படி இல்லை. பிற்பகல் 3 மணிக்கு உள்ளே விடுவார்கள், மறுநாள் காலை 10 மணி வாக்கில் அறையைக் காலி செய்ய வேண்டும். நடுவில் இருக்கும் 19 மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். குளியல், ராத்திரிச் சாப்பாடு, படுக்கை, மறுபடி குளியல், காலைச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம்.

இதைத் தெரியாமல் முதல் தடவை நானும் கணவரும் வீணாக்கினோம். பகல் முழுக்க ஏரியில் படகு, ரோப்கார் என்று சுற்றிவிட்டு ராத்திரி ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். விடுதி அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஆறு மணிக்குப் பரிமாற வேண்டிய சாப்பாட்டை எங்களுக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். முகம் கழுவக்கூட நேரம் இல்லாமல் சாப்பிட உட்கார்ந்தோம். நிறைந்த வயிற்றோடு அவசரமாக வெந்நீரில் இறங்கி, தலை சுற்றி, பாதியில் எழுந்து வந்து படுத்தேன். காலையில் ரயிலைப் பிடிக்க ஓட்டம். கொடுத்த காசில் பாதி அன்றைக்கே போயிற்று. அதனால்தான் யார் கேட்டாலும் நான் சொல்லும் முதல் வார்த்தை: அந்த நாளில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மணிக்கு வாசலில் நில்லுங்கள்.

உள்ளே போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் சப்பலைப் போட்டுக்கொள்வீர்கள். அறையில் கோரைப்பாய் மாதிரியான தத்தாமி விரித்திருக்கும். அதன் மேல் அந்தச் சப்பலும் கூடாது, வெறுங்காலோ காலுறையோதான். கழிப்பறை வாசலில் தனிச் சப்பல் இருக்கும், அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். நம் வீட்டுப் பழக்கம்தான் என்பதால் அம்மாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தரத் தேவையே இருக்காது.

மேசையில் பச்சைத் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் வைத்திருப்பார்கள். அது வெறும் உபசாரம் இல்லை. பயணக் களைப்போடு வெறும் வயிற்றில் சூடான நீரில் இறங்கினால் மயக்கம் வரும். இனிப்பும் தேநீரும் அதற்கு முன்னேற்பாடு. சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் காலை நீட்டி உட்காருங்கள். அப்புறம் குளிக்கப் போகலாம்.

அலமாரியில் யுகாதா என்ற பருத்தி அங்கி இருக்கும். வலப்பக்கத் துணியை முதலில் உடம்போடு வைத்து, இடப்பக்கத் துணி அதன் மேலே வரும்படி கட்ட வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. அதனால் தவறாகக் கட்டியிருந்தால் அங்குள்ள பாட்டிமார்கள் பதறி ஓடிவந்து சரிசெய்வார்கள். குளிக்கப் போக, சாப்பிடப் போக, தூங்க, எல்லாவற்றுக்கும் இதே உடைதான். என் அம்மா உள்ளே ரவிக்கையும் உள்பாவாடையும் போட்டுக்கொண்டு மேலே யுகாதாவைக் கட்டிக்கொண்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, கூச்சத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் பெரிய பாரம் இதுதான்.

ஆமாம், துணி இல்லாமல்தான். நீச்சல் உடைகூடக் கூடாது. ஆனால் இந்தக் காலத்தில் விடுதிகளில் பெரும்பாலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியல் இடம். வாசலில் துணித்திரை தொங்கும். வழக்கமாக ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள். ஆண் என்ற எழுத்தின் மேல்பாதி, வரப்புப் போட்டு நான்காகப் பிரித்த வயல் மாதிரி ஒரு சதுரக் கட்டமாக இருக்கும். அந்தப் பாதிக்கு அர்த்தமும் வயல்தான். அந்தக் கட்டம் இல்லாதது பெண்கள் பக்கம். பல விடுதிகளில் ராத்திரியோடு இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள், எல்லோரும் இரண்டு குளத்தையும் அனுபவிக்கட்டும் என்று. அதனால் காலையில் போகும்போது மறுபடி திரையைப் பார்த்துவிட்டு நுழையச் சொல்லுங்கள், குறிப்பாக உங்கள் கணவரிடம். அவர் தனியாகத்தானே போக வேண்டும்.

திரையைத் தாண்டினால் உடை மாற்றும் இடம். கூடை இருக்கும், துணியை அதில் போட்டுவிட்டுக் கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். நடக்கும்போது அதை முன்னால் பிடித்துக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். உள்ளே சுவர் ஓரமாக வரிசையாகக் குழாய்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சின்ன முக்காலி, ஒரு பேசின். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து முடிக்க வேண்டும். குளம் அழுக்குப் போக்க இல்லை. அழுக்கைப் போக்கிய பிறகு ஊற வைக்கத்தான். தலையில் தேங்காய் எண்ணெயோடு போகாதீர்கள், எண்ணெய் நீரில் படலமாக மிதக்கும். முதலில் ஷாம்பு போட்டு அலசிவிட்டு, முடி நீரில் படாமல் உச்சியில் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். துண்டையும் நீரில் நனைக்கக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வது இங்கே வழக்கம்.

முதல் ஐந்து நிமிடம் உடம்பெல்லாம் கூசும், நானும் பட்டிருக்கிறேன். ஆனால் ஆவிக்குள் யார் முகமும் தெளிவாகத் தெரியாது. யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை. பேரக் குழந்தையோடு பாட்டி வந்திருப்பார், அலுவலகத் தோழிகள் வந்திருப்பார்கள், அவரவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்கள்.

அப்படியும் மனம் வரவில்லை என்றால் வழி இருக்கிறது. ‘காஷிகிரி’ என்று கேளுங்கள். குடும்பத்துக்கு மட்டும் பூட்டிக்கொள்ளும்படி ஒரு சின்னக் குளியல் அறையை 45 நிமிடம், 50 நிமிடம் என்று தருவார்கள். சில இடத்தில் இலவசம், சில இடத்தில் தனிக் கட்டணம். போனதும் வரவேற்பிலேயே நேரத்தைப் பதிந்துவிட வேண்டும், சாயங்கால நேரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்னும் செலவு செய்யலாம் என்றால் பால்கனியிலேயே சொந்தத் தொட்டி வைத்த அறைகள் உண்டு.

என் அம்மா முதல் நாள் காஷிகிரிக்குத்தான் வந்தார். அதுவும் நான் திரும்பி நின்ற பிறகு இறங்கினார். இறங்கி ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், “முட்டி வலி எங்கடி போச்சு?” என்றார். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவராகவே என்னை எழுப்பி, “அந்தப் பெரிய குளத்துக்கே போகலாம் வா” என்றார். வெளியே, கூரை இல்லாத கற்குளம். குளிர்ந்த காற்று முகத்தில், கழுத்துக்குக் கீழே வெந்நீர். எங்களுக்கு முன்பே ஒரு ஜப்பானியப் பாட்டி இருந்தார். தலையில் துண்டு. எங்களைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு ஒரு முழம் நகர்ந்து இடம் கொடுத்தார். அம்மாவும் அப்படியே தலையை அசைத்தார். திரும்பி வரும்போது அம்மா தாமிரபரணிப் படித்துறையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மார்பளவு பாவாடையைக் கட்டிக்கொண்டு தெருப் பெண்களெல்லாம் சேர்ந்து குளித்த காலம். ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூச்சம் சீக்கிரம் போய்விடும் என்று நினைக்கிறேன்.

நீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெந்நீர் ஊற்றை இங்கே ஒன்சென் என்பார்கள். சூடு பண்ணிய குழாய்த் தண்ணீர் எல்லாம் ஒன்சென் ஆகிவிடாது. 1948இல் போட்ட சட்டப்படி, பூமியில் இருந்து வரும் இடத்திலேயே 25 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட 19 பொருட்களில் ஒன்றாவது போதிய அளவில் கலந்திருக்க வேண்டும். எந்தெந்தத் தாது எவ்வளவு, யார் இறங்கக் கூடாது என்ற விவரத்தைக் குளியல் இடத்திலேயே மாட்டி வைக்க வேண்டும். தண்ணீர் கலக்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, வடிகட்டித் திரும்ப விடுகிறார்களா என்பதையும் 2005 முதல் எழுதியாக வேண்டும். ஊற்றில் இருந்து வந்து நிரம்பி அப்படியே வழிந்து போகும் நீரை ‘காகெனகாஷி’ என்பார்கள். விடுதியைத் தேடும்போது இந்த வார்த்தை இருந்தால் நல்லது. திருகோணமலையில் கன்னியா ஊற்றைப் பார்த்தவர்களுக்குப் பூமியில் இருந்து வெந்நீர் வருவது புதிது இல்லை. அங்கே கிணற்றில் இருந்து மொண்டு ஊற்றிக்கொள்கிறோம், இங்கே கழுத்துவரை உள்ளேயே உட்காருகிறோம்.

அந்த வித்தியாசம் பெரியது. குளத்து நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி. ஊற்றிக்கொள்ளும்போது இதமாக இருக்கும் சூடு, மூழ்கி உட்காரும்போது இதயத்துக்கு வேலை வைக்கும். அதனால் இறங்கும் முன் பேசினில் மொண்டு காலில் தொடங்கி மேலே மேலே ஊற்றி உடம்பைப் பழக்குங்கள். முதலில் ஐந்து நிமிடம் போதும். எழுந்து கரையில் உட்கார்ந்து ஆறிவிட்டு மறுபடி ஐந்து நிமிடம். அம்மாவுக்கு இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ சர்க்கரையோ இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். தனியாக இறங்க விடாதீர்கள். இடுப்பளவு நீரில் உட்கார்ந்தாலே பலன் உண்டு. முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். மது குடித்துவிட்டு இறங்கவே கூடாது. சாப்பிட்டவுடனும் வேண்டாம். வந்ததும் ஒன்று, படுக்கும் முன் ஒன்று, விடியற்காலை ஒன்று என்று மூன்று குளியல் தாராளம்.

குளித்து வந்ததும் வரும் அந்த அசதி இருக்கிறதே, அதற்காகத்தான் இவ்வளவும். தீபாவளிக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தால் கண் சொருகுமே, அதே அசதிதான். நம் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகல் தூக்கம் ஆகாது என்று விரட்டுவார்கள். இங்கே விரட்ட யாரும் இல்லை. குளியல் இடத்துக்கு வெளியே கண்ணாடி பாட்டிலில் குளிர்ந்த பால், காபிப் பால் விற்கும் இயந்திரம் பல இடங்களில் இருக்கும். ஒன்றை வாங்கிக் குடித்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்காருங்கள். மசாஜ் வேண்டும் என்றால் பல விடுதிகளில் ஆள் வரவழைத்துத் தருவார்கள், தனிக் கட்டணம். எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

இப்போது சாப்பாடு. சைவக்காரர்களுக்கு உண்மையான சிக்கல் குளியலில் இல்லை, இங்கேதான். ராத்திரிச் சாப்பாடு சின்னச் சின்னக் கிண்ணங்களில் எட்டு பத்து வகையாக வரும். பார்க்க வெறும் காய் மாதிரி இருக்கும், ஆனால் வேகவைத்த சாற்றில் காய்ந்த மீன் இருக்கும். மீசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப்பிலும் அதே. “மீன், இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டு மீன் சாற்றோடு தருவார்கள். அவர்கள் கணக்கில் அது தவறே இல்லை. “மீன் சாறும் கூடாது, கொம்பு என்ற கடற்பாசியிலும் ஷிடாகே காளானிலும் எடுத்த சாறு போதும்” என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்க வேண்டும். முட்டை, பால் நிலவரத்தையும் சேர்த்து எழுதுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, பொருளெல்லாம் காலையிலேயே வாங்கியிருப்பார்கள். சிறிய விடுதிகள் பல “எங்களால் முடியாது” என்று நேராகப் பதில் போடும். வருத்தப்படாதீர்கள், அடுத்த இடத்துக்கு எழுதுங்கள். சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுக்கலாமே என்று தோன்றும். மலை ஊரில் ஏழு எட்டு மணிக்கெல்லாம் கடைகள் அடைந்துவிடும், பட்டினி கிடக்க வேண்டிவரும்.

முழுச் சைவம்தான் முக்கியம் என்றால் கோயாசானை யோசியுங்கள். ஒசாகாவுக்குத் தெற்கே, கூகாய் என்ற துறவி ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய மலை மடங்கள். ஐம்பது மடங்கள் அளவில் வெளியாட்கள் தங்கலாம். மீன், இறைச்சி மட்டும் இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லாத சாப்பாடு. எள்ளை அரைத்துச் செய்யும் எள் டோஃபு ஒன்று தருவார்கள், அம்மா கட்டாயம் கேட்டு வாங்குவார். ஆனால் அங்கே பெரும்பாலான மடங்களில் இருப்பது சாதாரண வெந்நீர்த் தொட்டிதான், ஊற்று நீர் அரிது. விடியற்காலை வழிபாடும் உண்டு. அது வேறு விதமான அமைதி.

ஊற்று நீர்தான் வேண்டும், டோக்கியோவில் இருந்து சுலபமாகவும் இருக்க வேண்டும் என்றால் ஹகோனே. ஷின்ஜுகுவில் ரொமான்ஸ்கார் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹகோனே யுமோட்டோ. அம்மாவை வைத்துக்கொண்டு ரயில் மாற்ற வேண்டியது இல்லை. வெளிநாட்டவர் நிறைய வருவதால் சைவச் சாப்பாடு செய்து தரும் விடுதியும் இங்கே சுலபமாகக் கிடைக்கும். ஒசாகா பக்கம் தங்குவீர்கள் என்றால் கோபேக்குப் பின்னால் மலையில் அரிமா. இரும்பும் உப்பும் கலந்து செங்காவி நிறத்தில் நீர் இருக்கும், வெள்ளைத் துண்டு கறையாகிவிடும். கியோட்டோவில் இருந்து இரண்டரை மணி நேரம் போனால் கினோசாகி. அங்கே ஊரே ஒரு விடுதி மாதிரி. யுகாதாவும் மரக்கட்டைச் செருப்புமாக ஆற்றங்கரையில் நடந்து, பொதுக் குளியல் இல்லங்களில் மாறி மாறிக் குளிப்பார்கள். பச்சை குத்தியிருந்தால் பல ஊர்களில் உள்ளே விடமாட்டார்கள், கினோசாகியின் பொதுக் குளியல் இல்லங்களில் அந்தத் தடை இல்லை. குசாட்சு எனக்கு மிகப் பிடித்த ஊர். நடு ஊரில் ஆவி பறக்க நீர் கொட்டிக்கொண்டே இருக்கும். ஊரில் உள்ள ஊற்றுகள் எல்லாம் சேர்த்து நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல். ஆனால் கடும் அமில நீர், கீறல் இருந்தால் எரியும், போக வர நேரமும் பிடிக்கும். உங்கள் பத்து நாள் பயணத்துக்கு ஹகோனே என்றுதான் சொல்வேன்.

பணம் பற்றிக் கேட்டீர்கள். விலை அறைக்கு இல்லை, ஆளுக்கு. இரண்டு வேளைச் சாப்பாட்டோடு நடுத்தர விடுதியில் ஆளுக்கு 20,000 முதல் 30,000 யென் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் என்றால் மூன்றால் பெருக்க வேண்டும். இதற்கு மேல் குளியல் வரி என்று ஒன்று, பொதுவாக ஆளுக்கு 150 யென். டிப்ஸ் கொடுக்கத் தேவை இல்லை. சனிக்கிழமையும் விடுமுறைக்கு முந்தைய நாளும் விலை ஏறும். அதனால் திங்கள் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைப் பாருங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான விடுமுறை வாரத்தைத் தொடவே தொடாதீர்கள், நாடே கிளம்பிவிடும். பணம் குறைவு என்றால் நகரத்தில் ஒரு நாள் மலிவான ஓட்டலில் தங்கி அதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அம்மாவுக்காக இன்னும் இரண்டு. படுக்கை தரையில் மெத்தை விரித்துத்தான் இருக்கும். முட்டி மடக்க முடியாதவர் என்றால் கட்டில் போட்ட அறை வேண்டும், சாப்பிட மேசை நாற்காலி வேண்டும் என்று முன்பே கேளுங்கள், இப்போது பல விடுதிகளில் உண்டு. பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறாதீர்கள். டோக்கியோ ஓட்டலிலேயே கொடுத்தால் அடுத்து நீங்கள் தங்கும் ஓட்டலுக்குக் கூரியரில் அனுப்பிவிடுவார்கள். ஒரு ராத்திரிக்கு மாற்றுத்துணி ஒரு கைப்பையில் போதும்.

கடைசியாக, நகை. கந்தகம் கலந்த நீரில் வெள்ளி ஒரே குளியலில் கறுத்துவிடும். ஹகோனேயிலும் மேலே போகப் போகக் கந்தக நீர் உண்டு. கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். தங்கத்திலும் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் தாலிச் சரடையும் கழற்றுவது நல்லது. அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் கந்தகம் இல்லாத நீர் உள்ள விடுதியாகப் பாருங்கள், யுமோட்டோ பக்கம் கிடைக்கும். கழற்றியதை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு அறை லாக்கரில் வைத்துப் பூட்டுங்கள். காலையில் மூன்றாவது குளியல் முடிந்து, சாப்பிட்டு, கண் சொருகிக்கொண்டு கிளம்பும்போது அந்தப் பையைத்தான் மறப்போம். என் மாமியாரின் மெட்டி அப்படித்தான் ஒரு விடுதியில் தங்கிவிட்டது. நான்கு நாள் கழித்துப் பஞ்சில் சுற்றிக் கூரியரில் அனுப்பி வைத்தார்கள்.